இரண்டாம் பேறும் வலியூசியும்

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் சுவாமிநாத சுவாமியைத் தரிசித்துப் படியிறங்கி வரும்போது, நம் சங்கத்து அன்பர் ஒருவர் என் முழங்கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். "உங்கள் வீட்டில் இரண்டாவது பிரசவத்துக்கு வலி வர மருந்து வைத்தார்களாமே, அது என்ன சங்கதி? எங்கள் வீட்டிலும் புதன்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்" என்றார். அவர் முகத்தில் தெரிந்த கலக்கம் ஓராண்டுக்கு முன் என் முகத்திலும் இருந்ததுதான். படிக்கட்டிலேயே அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதைக் கேள்வியுற்ற நம் பத்திரிகை ஆசிரியர், "படிக்கட்டில் சொன்னதைப் பத்திரிகையில் சொல்லலாகாதா?" என்று கேட்டார். ஆகவே இக்கட்டுரை.

நான் வைத்தியனல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே காரியாலயம் ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பவன். ஒரு தகப்பன் என்ற முறையில் கண்டதையும், பொறுமையுள்ள டாக்டரம்மாள் ஒருவர் எனக்கு விளக்கியதையும், பின்னர் நானாகத் தேடிப் படித்ததையுமே இங்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கர்ப்பிணியைக் கையால் தொட்டுப் பரிசோதித்த வைத்தியரின் சொல்லே முடிவான சொல் என்பதை மறக்கலாகாது.

எங்கள் தலைச்சன் பிறந்தது விருத்தாசலத்தில். மாலையில் தானாக வலி கண்டு, பதினாறு மணி நேரம் கழித்து மறுநாள் காலையில் பிறந்தான். இரண்டாவதற்கு என் மனைவியை ஊருக்கு அனுப்ப இயலவில்லை. பையனை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டோம். மாமியாருக்கும் முழங்கால் வலி. முனிர்கா கிராமத்துச் சந்திலே மூன்றாவது மாடியில் எங்கள் ஜாகை. நாற்பது வாரம் முடிந்தும் வலிக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. டாக்டரம்மாள் சீட்டைப் பார்த்துவிட்டு, "நாற்பத்தொரு வாரம் முடியும் நாளில் வந்து சேருங்கள், வலி வர மருந்து வைப்போம்" என்றார்.

அன்றிரவு ஊருக்குப் பேசினோம். மாமியார் சொன்னார்: "மாப்பிள்ளை, பழுத்த பழம் தானே விழும். அதைக் கம்பால் தட்டுவானேன்? வலியூசி போட்டால் வலி இரண்டு மடங்காம். கடைசியில் எப்படியும் வயிற்றைக் கீறித்தான் எடுப்பார்களாம். அமாவாசை வேறு வருகிறது, அது கழியட்டும்."

அவர் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 அறுவைப் பிரசவங்களே. டில்லியில் அது 23.6. ஊரிலே தெருவுக்குப் பாதிப் பேர் வயிற்றில் தையலோடு வீடு திரும்புவதைக் கண்ட அம்மாளுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் அந்தப் பயத்திற்கும் இந்த மருந்திற்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தம் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வைத்தியர்கள் எதற்காக அவசரப்படுகிறார்கள்? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து நாற்பது வாரம், அஃதாவது 280 நாள், என்பது பொதுக் கணக்கு. ஒரு வாரம் முன்பின் ஆவது சகஜம். நாற்பத்தொரு வாரத்துக்கு மேல் போகும்போது, குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் தரும் நஞ்சுக்கொடி தளர்ந்து போகலாம், பனிநீர் வற்றலாம், வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் அபாயம், சிறிதே ஆயினும், உயர்கிறது. ஆகையால் நாற்பத்தொரு வாரம் நிறைந்தும் வலி காணாதவர்களுக்கு வலியைத் தூண்டலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2020-ஆம் ஆண்டில், 34 ஆராய்ச்சிகளில் பங்குகொண்ட இருபத்தோராயிரத்துக்கும் அதிகமான பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், காத்திருந்தவர்களிடையே 25 சிசுக்களும், தூண்டப்பட்டவர்களிடையே 4 சிசுக்களும் இறந்ததாகக் கண்டனர். அறுவைப் பிரசவமும் தூண்டப்பட்டவர்களிடையே கூடவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே 2020-இல் ஸ்வீடன், நெதர்லாந்து முதலிய நாடுகளின் விவரங்களை வைத்து, நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று ஒப்பிட்டார்கள். தூண்டுதலின் நன்மை தலைப்பிரசவக்காரிகளிடமே தெளிவாகத் தெரிந்தது. முன்பே பெற்றவர்களுக்கு அபாயம் இரு பக்கமும் குறைவாகவே இருந்தது. ஆகவே, மற்றெல்லாம் சரியாக இருந்து, இரண்டாம் பேற்றுக்காரி "இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?" என்று கேட்டால், அது அசட்டுக் கேள்வியன்று. வைத்தியரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ரத்த அழுத்தம், கட்டுக்கடங்காத சர்க்கரை, வலியின்றிப் பனிக்குடம் உடைதல், குழந்தையின் வளர்ச்சி குன்றுதல், அசைவு குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தால் நாள் தள்ளக் கூடாது. நட்சத்திரம் பார்ப்பதற்கும் அங்கே இடமில்லை.

நாள் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இது இரண்டாம் மூன்றாம் பேற்றுக்காரிகளுக்கே உரிய சிக்கல். தலைச்சனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மாதவிலக்குத் திரும்புமுன்னர், அடுத்தது தரித்துவிடுவதுண்டு. எங்கள் எதிர்வீட்டுச் சகோதரிக்கு அப்படித்தான் ஆயிற்று. கடைசி விலக்கு எப்போது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சில நாள் வித்தியாசத்தில் கணக்கைச் சொல்லிவிடும். எட்டாம் மாதத்தில் முதன்முதலாக எடுத்தால் இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகலாம். கணக்குப் பிசகினால், நாற்பத்தொன்று என்று நினைத்து முப்பத்தெட்டில் தூண்டிவிட நேரும். ஆகையால் பழகின விஷயந்தானே என்று அலட்சியமாயிராமல், இரண்டாவதற்கும் முதல் ஸ்கேனைச் சீக்கிரமே எடுத்து அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி, அந்த மருந்துகள் எவை என்று பார்ப்போம். சேர்ந்தவுடன் வைத்தியர் கைவிரலால் கருப்பை வாயைப் பரிசோதிப்பார். அது எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மிருதுவாயிருக்கிறதா, முன்னோக்கி வந்திருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்னும் ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 13. இக்கணக்கை 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அமெரிக்கப் பிரசவ வைத்தியர் எட்வர்ட் பிஷப். அவர் இதை வகுத்ததே முன்பே பிள்ளை பெற்றவர்களுக்காகத்தான் என்று படித்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. ஒருமுறை முழுதும் திறந்து பழகிய வாய் பழையபடி இறுக மூடிக்கொள்வதில்லை. சிறு தூண்டுதலுக்கே இணங்கிவிடுகிறது. முன்பு சுகப்பிரசவம் ஆனவருக்குத் தூண்டுதலிலும் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு, தலைப்பிரசவக்காரியைவிட மிக அதிகம். மாமியாருக்கு நான் சொல்லத் தெரியாமல் விழித்த பதில் இதுதான்.

வாய் இன்னும் கெட்டியாக இருந்தால், அதை மிருதுவாக்க ஜெல் வைப்பார்கள். அல்லது மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையை மிகச் சிறு அளவில், 25 மைக்ரோகிராம் வீதம், குறித்த இடைவெளியில் தருவார்கள். சில இடங்களில் ஃபோலி என்னும் ரப்பர்க் குழாயை உட்செலுத்தி, அதன் நுனியிலுள்ள சிறு பலூனை நீரால் உப்பவைத்து, வாயை மெள்ள விரிவடையச் செய்வார்கள். இவ்விரண்டில் எது மேல் என்று சோதித்த முக்கியமான ஆராய்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே, நாம் ஊருக்குப் போகும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நின்று போகிறதே, அந்த நாகபுரியிலே நடந்தது. ரத்த அழுத்தத்தால் அவதியுற்ற 602 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கிப் பார்த்ததில், 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவமானவர்கள் மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 57, குழாய்ப் பிரிவில் 47. முடிவு 2017-இல் லண்டனின் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. இரண்டும் விலை குறைந்த முறைகள். ஏழை எளியவர்களுக்கும் எட்டுபவை.

வாய் இணங்கிய பின் பனிக்குடத்தை உடைப்பதும், ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றுவதும் அடுத்த படி. நம்மவர்கள் 'வலியூசி' என்பது இதையே. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாரம் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை 1906-இல் ஹென்றி டேல் கண்டார். அந்தப் பொருளை 1953-இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டிய டு விக்னோ என்பவருக்கு 1955-இல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. தாயின் உடம்பில் தானாகவே ஊறும் பொருள்தான் அது. புட்டியில் வருவதால் விஷமாகிவிடாது. டிரிப்பில் ஒரு சௌகரியமும் உண்டு. வலி அளவுக்கு மிஞ்சினால் குழாயை நிறுத்திவிடலாம். சில நிமிஷங்களில் வேகம் தணியத் தொடங்கும். விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? அதனால்தான் அதை அவ்வளவு சிறிய அளவில் தருகிறார்கள்.

பத்து நிமிஷத்தில் ஐந்து தடவைக்கு மேல் வலி வந்தால் அது மிகை. இடையில் கருப்பை தளர்ந்தால்தான் குழந்தைக்கு ரத்தம் போய்ச் சேரும். வலி விடாமல் பிடித்துக்கொண்டேயிருந்தால், வெட்கப்படாமல் உடனே நர்ஸைக் கூப்பிடவேண்டும்.

இவ்வளவும் இன்று எழுதுகிறேனேயன்றி, அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. மாமியாரின் சொல்லுக்கும் டாக்டரம்மாளின் சொல்லுக்கும் நடுவே, அவுட்டர் சிக்னலில் நின்ற வண்டிபோல் நின்றேன். அமாவாசை கழிய இரண்டு நாள் இருந்தது. 'இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்?' என்று எனக்குள்ளேயே தீர்மானித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளன்று காரியாலயத்துக்குப் புறப்பட ஆயத்தமானேன். விடியற்காலை ஐந்து மணி. என் மனைவி எழுந்து உட்கார்ந்து, "ராத்திரியிலிருந்து குழந்தை அசையவே காணோங்க" என்றாள்.

ஜனவரி மாதப் பனிமூட்டம். எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. மூன்று மாடி இறங்கி, பாபா கங்கநாத் மார்க் வரை நடத்தி அழைத்துச் சென்றேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டோக்காரன் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். வழியெல்லாம் அவள் வயிற்றின்மேல் கைவைத்து மௌனமாக இருந்தாள், நானும் பேசவில்லை. நான் மனத்துக்குள் போட்ட தீர்மானம் அவளுக்குத் தெரியாது. இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இருதயத் துடிப்பைப் பதியும் கருவியை வைத்தார்கள். குதிரை ஓடுவதுபோல் டக் டக் என்று சத்தம் கேட்டது. அதைவிட இனிய ஓசையை நான் கேட்டதில்லை. பனிநீர் குறைந்திருக்கிறது, இன்றே வலி வரச் செய்யவேண்டும் என்றார்கள். ஒரு காகிதத்தை நீட்டினார்கள், படிக்காமலே கையெழுத்திட்டேன். இது என் தவறு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். என்ன காரணத்துக்காக, எந்த மருந்து, அது பலிக்காவிட்டால் அடுத்தது என்ன, இம்மூன்றையும் கேட்ட பின்பே கையெழுத்திடுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று நினைப்பது வீண். பெரும்பாலான வைத்தியர்கள் சொல்லவே செய்வார்கள்.

காலை பத்து மணிக்கு ஜெல். மாலை நான்கு மணிவரை ஒன்றுமில்லை. இடுப்பில் லேசான கனம், அவ்வளவுதான். இரண்டாம் முறை வைத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கும், வருவதும் போவதுமான சிறு வலிதான். முன்பு ஊரிலே இந்தக் கட்டத்தை வீட்டில் கழித்திருப்போம். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, சூட்டு வலியா மெய்வலியா என்று பார்த்துக்கொண்டு, நடமாடிக்கொண்டு இருந்திருப்போம். தூண்டிய பிரசவத்தில் அந்த நேரமெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிவதால், மலைபோல் நீண்டதாகத் தோன்றும். ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட ஆகலாம் என்று எண்ணிக்கொண்டு போனால் மனம் சோராது. மருந்து 'பிடிக்கவில்லை' என்று முதல் ஆறு மணியிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

பத்தரைக்குப் பனிக்குடத்தை உடைத்து டிரிப் ஏற்றினார்கள். எப்போது ஆகும் என்று வெளியே நின்ற பணியாளரைக் கேட்டேன். "காலையில்தான் ஆகும்" என்றார். தலைச்சனுக்குப் பதினாறு மணி நேரம் ஆனதை நானும் நினைத்துக்கொண்டேன். பையன் எதிர்வீட்டில் தூங்குகிறானா அழுகிறானா என்ற கவலை. பதினொன்றரைக்கு முனிர்கா திரும்பினேன். ஒன்றரை மணிக்குக் கைபேசி அடித்தது. பெண் குழந்தை பிறந்து பத்து நிமிஷம் ஆயிற்று என்றார்கள்.

நான் சொல்ல விரும்பும் முக்கியச் செய்தி இதுதான். இரண்டாம் பேற்றில் தூண்டுதல் தொடங்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும். பிடித்துக்கொண்டால் காரியம் மிக விரைவாக முடியும். முதல் பிரசவத்தின் கணக்கை இதற்குப் போடவே கூடாது. வலி நன்கு கூடிய நிலையிலிருந்து வாய் முழுதும் திறக்க, முதற்பேற்றில் பன்னிரண்டு மணி நேரமும் மறுபேற்றில் பத்து மணி நேரமும் பொதுவான மேல் எல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது எல்லைதான், பலருக்கு அதில் பாதிகூட ஆவதில்லை. கடைசியாக முக்கும் கட்டமோ சில சமயம் நாலைந்து வலியோடு முடிந்துவிடும். தானாக வரும் வலி மெள்ள மெள்ளப் படியேறும். டிரிப்பில் வரும் வலி சில வேளை இரண்டு மூன்று படிகளை ஒன்றாகத் தாண்டிவிடும்.

நான் வீட்டில் இருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்ததை என் மனைவி பின்னர் சொன்னாள். பன்னிரண்டரைக்கே கீழே அழுத்துவதை உணர்ந்து கூப்பிட்டிருக்கிறாள். "அபீ டைம் ஹை" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவளுக்கோ ஹிந்தியில் காய்கறிக் கடைக்கு வேண்டிய நாலு வார்த்தைதான் தெரியும். அந்த வேளையில் வார்டுக்குள் வந்த மலையாள நர்ஸ் ஒருவரைப் பார்த்து, "சேச்சி, எனக்கு ரெண்டாவது, தலை வந்தாச்சு" என்று தமிழிலேயே கத்தியிருக்கிறாள். அந்தப் புண்ணியவதி வந்து பார்த்து, உடனே ஆள் சேர்த்துக் குழந்தையை ஏந்தியிருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதி யாரையும் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரே இரவில் எத்தனை பேரைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்? ஆயினும், 'இது எனக்கு இரண்டாவது' என்பதை வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்று அன்று தெரிந்தது.

ஹிந்தி தெரியாத நம் சகோதரிகள், பிரசவ அறைக்கு வேண்டிய சில வார்த்தைகளையாவது ஒன்பதாம் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். வலிக்கு 'தர்த்', பனிநீர் போனால் 'பானி நிகல் கயா', ரத்தத்துக்கு 'கூன்', குழந்தை அசையவில்லை என்றால் 'பச்சா நஹீ ஹில் ரஹா', இரண்டாவது குழந்தை என்பதற்கு 'தூஸ்ரா பச்சா'. அவர்கள் 'ஜோர் லகாவோ' என்றால் முக்கச் சொல்கிறார்கள். 'கர்வட் லோ' என்றால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்மணி உடனிருப்பதை 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் ஆதரிக்கிறது. இடவசதியைப் பொறுத்து அனுமதிப்பார்கள். ஹிந்தி பேசத் தெரிந்த அண்டை வீட்டுச் சகோதரி ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எல்லோருக்கும் எல்லா மருந்தும் பொருந்தாது. முதல் பிரசவம் அறுவையாக இருந்தவருக்குக் கருப்பையில் தழும்பு இருக்கிறது. தானாக வலி வந்தாலே, சுமார் இருநூறில் ஒருவருக்கு அந்தத் தழும்பு பிரிந்துவிடலாம். தூண்டினால் அந்த அபாயம் இரண்டு மூன்று மடங்காகிறது. மிசோப்ரோஸ்டால் மாத்திரை அவர்களுக்கு ஆகவே ஆகாது. இதனால்தான் முதல் பிரசவத்து டிஸ்சார்ஜ் சீட்டு அவ்வளவு முக்கியம். நம்மில் பலருடைய சீட்டு ஊரிலே தகரப் பெட்டியில் கிடக்கிறது. அதை இன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அறுவை நடந்ததா, எதற்காக நடந்தது, பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு மிகுந்ததா, ரத்த வகை என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நாலைந்து பெற்றவர்களுக்கும் கருப்பைச் சுவர் தளர்ந்திருப்பதால், டிரிப்பை மிக ஜாக்கிரதையாகவே ஏற்றவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சற்று உரத்தே சொல்லவேண்டும். சந்துகளில் பலகை மாட்டிக்கொண்டு, படிப்பில்லாமல் வைத்தியம் செய்பவர்கள், 'சீக்கிரம் ஆகிவிடும்' என்று வீட்டிலேயே ஆக்ஸிடோசின் ஊசியைப் போட்டுவிடும் வழக்கம் வட இந்தியாவில் உண்டு. டிரிப்பில் துளித்துளியாக, துடிப்பைக் கவனித்துக்கொண்டு ஏற்றவேண்டிய மருந்தை ஒரே ஊசியில் தசையில் ஏற்றினால், நிறுத்தவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. பல பெற்றவளின் கருப்பை கிழிந்தே போகலாம். எருமைக்குப் பால் சுரக்கப் போடுகிறார்களே, அதே மருந்துதான். அந்த முறைகேட்டைத் தடுக்க 2018-இல் மத்திய அரசு தனியார் தயாரிப்புக்குத் தடை விதித்ததையும், பிரசவ அறைகளுக்கு மருந்து கிடைக்காமல் போய்விடும் என்ற வாதத்தின்மேல் டில்லி உயர்நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அத்தடையை நீக்கியதையும் அன்பர்கள் பத்திரிகையில் பார்த்திருக்கலாம். குழந்தை பிறந்த பின் உதிரப்போக்கைத் தடுக்க ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் இதுவே. அது உயிர் காப்பது. வேறுபாடு, யார், எப்போது, எவ்வளவு போடுகிறார்கள் என்பதில்தான். விளக்கெண்ணெயும் வேண்டாம், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப் பிரசவ அறைக்குப் போவதில் யாருக்கு லாபம்?

உதிரப்போக்கைச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். பல பிரசவம் கண்ட கருப்பை, குழந்தை வந்த பின் சட்டென்று இறுகாமல் சோர்ந்துவிடுவதுண்டு. நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 52.2 பேர், ரத்த சோகை உள்ளவர்கள். இரும்புச் சத்து மாத்திரையை இரண்டாவது முறைதானே என்று ஜன்னலில் வைத்து மறந்துவிடாதீர்கள். பால் கொடுக்கும்போது அடிவயிற்றைப் பிழிவதுபோல் வரும் வலி தலைப்பிரசவத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்; குழந்தை சப்பும்போது அதே ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பையைச் சுருக்குவதால் வருவது அது. இரண்டு மூன்று நாளில் தணியும். ஆனால் துணி மாற்ற மாற்ற நனைந்துகொண்டேயிருந்தால் அது வேறு, உடனே சொல்லவேண்டும்.

செலவைப் பற்றி அன்பர் கேட்டார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவம், அறுவையாயினும், மருந்து, சோதனை, ரத்தம், உணவு, போக்குவரத்து எல்லாம் 2011-இல் தொடங்கிய 'ஜனனி சிசு சுரக்ஷா கார்யக்ரம்' திட்டப்படி இலவசம். முனிர்காவாசிகளுக்கு சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மெட்ரோவில் போனால் ஹௌஸ் காஸில் வண்டி மாறவேண்டும். ஆனால் வலி கண்டவளை மெட்ரோவில் அழைத்துப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மத்திய சர்க்கார் ஊழியர்களாகிய நமக்கு, உயிரோடுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கும்போது, பிரசவத்தை ஒட்டிப் பதினைந்து நாள் லீவு உண்டு. தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைக்கும் 26 வாரம். அதன் பின் 12 வாரம். ஊரிலிருந்து அம்மா வரவேண்டுமென்றால் டிக்கெட்டுக்கு முந்திக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் அறுபது நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. தேதி தெரியாத பிரசவத்துக்குத் தேதி போட்ட டிக்கெட் எடுப்பது சூதாட்டம்போலத்தான். குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது. ரயில்வேக்காரன் வீட்டிலே பாஸ் இருக்குமே என்று பலர் எண்ணுகிறார்கள். மாமியாருக்குப் பாஸ் கிடையாது.

வீடு திரும்பிய அன்று, எங்கள் வீட்டுக்கார ஜாட் கிழவி, நெய் சொட்டச் சொட்டக் கோந்து லட்டு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் பார்சலில் அனுப்பிய பிரசவ லேகியம் மறுநாள் வந்து சேர்ந்தது. என் மனைவி இரண்டையும் பகைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டாள்.

மலை மந்திரில் என்னைக் கேட்ட அன்பரின் மனைவி சொன்னபடி புதன்கிழமை போய்ச் சேர்ந்தார். வியாழன் விடியுமுன் ஆண் குழந்தை. மருந்து வைத்துப் பதினெட்டு மணி நேரம் ஒன்றுமில்லையாம். அப்புறம் ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்ததாம். அன்பர் அந்தப் பத்தொன்பது மணி நேரமும் வாசல் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை என்று கேள்வி. தேநீரைக்கூட அவர் மைத்துனன்தான் வாங்கிவந்து கொடுத்தானாம்.